மனு கொடுத்தால் போதுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "கவிதை மட்டும் வேணாம்மா, ஏற்கெனவே நாற்பது வந்துடுச்சு" என்றும் சேர்த்தே சொன்னார். ஆகவே நீங்கள் தப்பித்தீர்கள். ஒன்றரை வருஷம் அலைந்து நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களிடம் ஒரு காரியத்தைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதே அது.

நான் சிவில், மூன்றாமாண்டு. கலவைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா ஷூ கம்பெனியில் மிஷின் தைக்கிறார். அப்பாவைப் பெற்ற தாத்தா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குப் பாலாற்றங்கரையில் முக்கால் ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அந்தக் கிணற்றுத் தண்ணீர் சிவந்து, உப்புக் கரித்து, நெல்லும் கருகி, கடைசியில் கிணறு குப்பை கொட்டும் பள்ளமாயிற்று. ஆக, என் ஒரு தாத்தாவுக்குச் சோறு போட்ட தொழில்தான் இன்னொரு தாத்தாவின் கிணற்றைக் கெடுத்தது. பொங்கலுக்கு இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் மனு என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் உடனே பாலாற்றைத்தான் சொல்வார்கள். "அவ்ளோ பெரிய கோர்ட்டே சொல்லியும் இன்னா ஆச்சு?" என்பார்கள். அது என்ன கதை என்று நூலகத்தில் தேடிப் படித்தேன்.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு என்ற பொதுமக்கள் அமைப்பு 1991-ல் நேரே உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பாலாற்றிலும் வயலிலும் விடப்படுகிறது என்பது வழக்கு. ஐந்து வருஷம் கழித்து 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கு உரிய செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது. இன்றைக்கும் சுற்றுச்சூழல் வழக்கு என்றால் வேலூர் என்ற பெயரைச் சொல்லாமல் வக்கீல்கள் வாதாட முடியாது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவை மூடப்பட வேண்டும் என்றார்கள். தோல் ஷாப் தாத்தா சில வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

அந்தத் தீர்ப்பில் என் கண்ணில் பட்டது வேறு. 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன என்று ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கும் இருக்கிறது. "எங்க தண்ணி போச்சு சாமி" என்று எத்தனையோ வருஷம் அழுததற்கு இல்லாத பலம், யாரோ வெயிலில் நடந்து ஒவ்வொரு கிணறாக எட்டிப்பார்த்து எழுதிய அந்த எண்ணுக்கு வந்தது.

அப்புறம் நஷ்டஈடு. அதற்கென்று அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு சுமார் 26 கோடி ரூபாய் தரவேண்டும் என்று கணக்கிட்டது. தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, விட்டுப்போனவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்து முடியுங்கள், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமையுங்கள் என்று உத்தரவிட்டது. 1991-ல் போட்ட மனு! கிணற்றுத் தாத்தா பெயர் பட்டியலிலேயே இல்லை. கணக்கெடுக்க வந்த சமயத்தில் அவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து யாரிடம் கேட்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரியாது.

"யாரையாவது கேட்டிருக்கலாமே தாத்தா?" என்றேன்.

"எவனைன்னு போய்க் கேக்கறது? கைநாட்டு வெக்கறவன் கேட்டா உள்ளே விடுவானா?" என்றார்.

இனி எங்கள் பஸ் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வழியாகக் காலை 6.50-க்கு ஒரு டவுன் பஸ் ஆற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் முதலாண்டு படிக்கும்போது ஒரு நாள் அந்த ட்ரிப் நின்றுபோனது. அடுத்த பஸ் 8.10-க்கு. அதில் போனால் முதல் பீரியட் போய்விடும், வருகைப்பதிவும் போய்விடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது நல்ல திட்டம்தான். ஆனால் பஸ் வந்தால்தானே ஏறுவதற்கு! ஷேர் ஆட்டோவுக்குத் தினம் அறுபது ரூபாய். என்னோடு பத்தாவது படித்து, ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்த ஒரு தோழி மூன்று மாதம் தாங்கிப் பார்த்தாள். அப்புறம் அவள் வீட்டில், "போதும்மா, கம்பெனிக்குப் போ" என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் மனு எழுதினோம். அந்த முதல் மனுவின் ஜெராக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்த்தால் சிரிப்பு வருகிறது. பஸ் வேண்டும், சுடுகாட்டுப் பாதை வேண்டும், கால்வாய் தூர் வார வேண்டும், மின்கம்பம் சாய்ந்துள்ளது, கோயில் முன் விளக்கு, நூலகம் என்று மொத்தம் பதினொரு கோரிக்கை! பெரியவர் ஒருவர் பழக்க தோஷத்தில் "வேலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து 2019 நவம்பர் 28-லேயே நாங்கள் இராணிப்பேட்டை மாவட்டமாகிவிட்டோம். அந்த மனு எங்கே போய் எந்தக் கட்டில் தூங்குகிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இரண்டாவது மனுவை ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு மக்கள் பிரதிநிதியிடம் கொடுத்தோம். அவர் மரியாதையாகத்தான் வாங்கினார். வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்; அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை துவைக்கப் போயிருக்கும். நண்பர்களே, கல்யாணத்தில் மொய் எழுதுங்கள், மனு கொடுக்காதீர்கள்.

பிறகுதான் எங்கள் கல்லூரியில் ஒரு சார், "யாரால் அந்தக் காரியம் ஆகும்னு முதல்ல கண்டுபிடிம்மா. செய்ய முடியாதவர்கிட்ட கேட்டா அவர் சரின்னுதான் சொல்வார்" என்றார். இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். தெருவிளக்கு, குழாய், சாக்கடை என்றால் ஊராட்சித் தலைவர்; எங்கள் தலைவர் 2021 அக்டோபர் தேர்தலில் வந்தவர். எம்.எல்.ஏ.வுக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி, எம்.பி.க்கு 5 கோடி. ஆனால் அந்தப் பணத்தில் கட்டடம், சாலை மாதிரி நிலைத்து நிற்கிற பொருளைத்தான் செய்யலாம். டிரைவருக்குச் சம்பளம் கொடுத்து பஸ் ஓட்ட முடியாது. இதனால்தான் நம் பக்கத்தில் பல ஊர்களில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய நிழற்குடை இருக்கிறது, பஸ் இல்லை. "பஸ் வசதி வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் கல்வெட்டோடு நிழற்குடை வரும்!

பஸ் ட்ரிப்பை முடிவு செய்வது போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரும் அவருக்கு மேலே பொது மேலாளரும். அவர்கள் நாம் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. அப்படியானால் எம்.எல்.ஏ. எதற்கு என்று கேட்பீர்கள். அவர் கேட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தில் கேள்வி நேரம் இருக்கிறது. வருஷா வருஷம் பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது. போக்குவரத்துத் துறைக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னால் நம் காகிதம் அவர் மேஜையில் இருந்தால், பேசுவதற்கு அவருக்கும் ஒரு விஷயம் கிடைக்கிறது. விவாதம் முடிந்த மறுவாரம் போய் நின்றால் அடுத்த வருஷம்தான். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருப்பதும், அது மாவட்டம் மாவட்டமாக வந்து மக்களிடம் மனு வாங்குவதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நிறைவேறாமல் இருக்கிற முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பதினைந்து நாளில் கலெக்டரிடம் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு தொகுதிக்குப் பத்துதான்! ஆற்காடு தொகுதியில் மட்டும் எத்தனை ஊர்? அந்த நேரத்தில் எந்த ஊர் காகிதம் தயாராக இருந்ததோ அந்த ஊருக்குத்தான் இடம் கிடைத்திருக்கும்.

மூன்றாவது மனுவை ஒரே பக்கத்தில் எழுதினோம். ஒரே கோரிக்கை: நிறுத்தப்பட்ட 6.50 ட்ரிப்பைத் திரும்ப விட வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எட்டாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தது இங்கேதான் உதவியது. அதற்கு முன் சர்வே வகுப்புக்கு வாங்கிய லெவல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானும் இரண்டு தம்பிகளும் இரண்டு வாரம் காலை ஆறு மணிக்கே ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலும் எத்தனை மாணவர், எத்தனை கம்பெனிப் பெண்கள், எத்தனை பேர் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள், என்ன செலவு என்று நாள்வாரியாக எழுதினோம். ஒரு நாளைக்குச் சராசரி 61 பேர். "காலி பஸ்தான் ஓடுது, வசூல் இல்லை" என்று டெப்போவில் முன்பு சொல்லியிருந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பதில் சொல்ல எங்களிடமும் ஒரு எண் இருந்தது. 467 கிணறு எண்ணியவர்களை நான் நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் நிஜமான சங்கடம். ஊரில் மூன்று கட்சி, இரண்டு தெரு. இந்தத் தெருவில் முதலில் வாங்கினால் அந்தத் தெரு போடாது. ஒரு கட்சிக்காரர் பெயர் மேலே இருந்தால் மற்றவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வார். நான் பெயர்களை ஸ்டாப் வாரியாக எழுதினேன், அதில் யாருக்கும் சண்டையில்லை. தோற்ற வேட்பாளரிடமும் போனோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தோற்றவர் கேள்வி கேட்பார் என்று தெரிந்தால் ஜெயித்தவர் சீக்கிரம் அசைகிறார் என்பதை நேரிலேயே பார்த்தேன். கிணற்றுத் தாத்தா கைநாட்டு வைத்தார். தோல் ஷாப் தாத்தா, கையெழுத்துப் போடத் தெரிந்தவர், மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போட்டார்.

கிராம சபையிலும் வைத்தோம். 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி நடக்கிற கூட்டம் அது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு, 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. "தீர்மானம் போட்டா இன்னா, போடலைன்னா இன்னா" என்று பின் வரிசையில் குரல் வந்தது. அவருக்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைச் சொன்னேன். 2024 நவம்பர் 7-ல் மேலூர் பக்கம் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்து ஒரு பெரிய நிறுவனம் தேர்வானது. அதே மாதம் 23-ல் அந்தப் பகுதிக் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணியாகப் போனார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் டெல்லி போய் மத்திய சுரங்க அமைச்சரையே பார்த்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. மாநிலத்தில் ஆள்வது ஒரு கட்சி, மத்தியில் வேறு கட்சி. இரண்டு வாசலிலும் அவர்கள் நின்றார்கள். எல்லா ஊருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையில் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் போயிருந்தால் அவர்கள் வெறும் கூட்டம்தான்.

இன்னொன்றும் செய்தோம். இந்த யோசனை எனக்கு ஒரு பழைய சரித்திரத்திலிருந்து வந்தது. 1852-ல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியும் நண்பர்களும் சென்னை சுதேசிகள் சங்கம் தொடங்கி, நிலவரி வசூலில் விவசாயிகளை அடித்து வதைக்கிறார்கள் என்பது உட்படப் பல குறைகளை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பினார்கள். அடுத்த வருஷம் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னை வந்தபோது, செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப் போய் விவசாயிகளையே பேசச் சொன்னார். சித்திரவதையை விசாரிக்க 1854-ல் கமிஷன் அமைந்தது. குற்றச்சாட்டு உண்மை என்று 1855-ல் அறிக்கை வந்தது. ஓட்டுரிமையே இல்லாத மக்கள் செய்த வேலை அது!

நாங்களும் ஒன்றியக் கவுன்சிலரைக் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் ஸ்டாப்புக்குக் கூப்பிட்டோம். வந்தார். மழைக்கால இருட்டு. ஒரே ஷேர் ஆட்டோவில் பதினோரு பேர் ஏறுவதைப் பார்த்தார். அவர் பெண்ணும் படிக்கிற பெண்தான். "இதைப் போன்ல சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதும்மா" என்றார். அடுத்த வாரம் அவரே எங்களை எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நாங்கள் நாலு பேர்தான் போனோம். வேன் பிடித்துக் கூட்டமாகப் போனால் சாயங்காலம்வரை கோஷம்தான் நடக்கும், பேச்சு நடக்காது. இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன், கை நடுங்கியது. உதவியாளரிடம் இன்னொரு நகல் கொடுத்து, எங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. அதே நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் பதிந்து எண்ணும் வாங்கிக்கொண்டோம்.

பிறகுதான் பெரிய வேலை. இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் கேலி ஆரம்பமாயிற்று. "கலெக்டர் அம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றார்கள். மாதம் ஒரு முறை மனு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கார்டு எழுதினேன், கோபமில்லாமல். பிறகு 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, எங்கள் மனு மீது என்ன நடவடிக்கை, அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று இரண்டே கேள்வி கேட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தாறாம் நாள் கடிதம் வந்தது, "பரிசீலனையில் உள்ளது" என்று. ஆனால் அதே வாரம் ஒரு செக்கர் எங்கள் ஸ்டாப்பில் வந்து நின்று தலைகளை எண்ணினார். யார் வேகத்தில் கோப்பு நகர்ந்தது, எம்.எல்.ஏ. சொல்லா, அந்தப் பத்து ரூபாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

போன ஆடியில் 6.55-க்கு பஸ் வந்தது. எம்.எல்.ஏ. ஐயாவுக்கு நன்றிக் கடிதம் எழுதினோம். "வேலை முடிஞ்சப்புறம் யாரும் எழுத மாட்டாங்க" என்று உதவியாளர் ஆச்சரியப்பட்டார். அடுத்த முறை போனால் எங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

படிப்பை நிறுத்திய தோழியும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் கம்பெனி வேன் ஏறுகிறாள், நான் காலேஜ் பஸ்ஸுக்கு நடக்கிறேன். இந்த பஸ் ஒன்றரை வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டியது.

கிணற்றுத் தாத்தாவுக்காக இப்போது ஒரு காகிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டா நகல், கிணறு இருந்ததற்கான பழைய அடங்கல் ஆகியவற்றைத் தேடி வாங்க வேண்டும். யாருக்கு எழுத வேண்டும் என்று இந்தத் தடவை முதலிலேயே விசாரித்துவிட்டேன். தோல் ஷாப் தாத்தாதான் வி.ஏ.ஓ. ஆபீசுக்குத் துணைக்கு வருகிறார்.

பஸ் மனுவின் மாதிரி ஒன்றும், தகவல் உரிமை விண்ணப்ப மாதிரி ஒன்றும் பேரவை அறையில் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள்.